சர்க்கரை தூக்கலாக ஒரு டீ

தீர்த்தம்மாள் அக்காவைப் பற்றி யாராவது என்னிடம் "பாவம்" என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அப்படிச் சொல்கிறவர்களில் பாதிப் பேருக்கு அவள் கால் போனதில் பங்கு உண்டு. எனக்கும் உண்டு. அதை மறைத்துக்கொண்டு கதை சொல்ல எனக்கு இஷ்டமில்லை.

என் பெயர் கலைமணி. காரிமங்கலத்துக்கு மேற்கே இருக்கிற எங்கள் ஊரிலும் பக்கத்துக் கொட்டாய்களான சின்னக் குடியிருப்புகளிலும் வீடு வீடாகப் போய் விரலில் குத்திச் சுகர் பார்ப்பதும், பிரஷர் பார்ப்பதும், மாதாமாதம் மாத்திரை கொடுப்பதும் என் வேலை. தோளில் ஒரு நீலப் பை. யார் வீட்டில் என்ன வியாதி என்று நான் வாய் திறந்து சொல்வதில்லை. சொல்லவும் கூடாது. ஆனால் நீலப் பை எந்த வாசலில் நிற்கிறது என்று பார்க்க ஊருக்குக் கண் இருக்கிறதே.

அக்கா அரூர்ப் பக்கம் பிறந்தவள். பத்தொன்பது வயதில் தர்மன் அண்ணனைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தாள். மூன்று ஏக்கர் மேட்டு நிலம், ராகியும் தக்காளியும், இரண்டு கறவை மாடு, ஒரே மகள் பிரியதர்ஷினி. அக்காவின் ஒப்புட்டுக்கு ஊரில் பெரிய பேர். பருப்பையும் வெல்லத்தையும் அரைத்துப் பூரணம் வைத்து, வாழை இலையில் தட்டி, நெய் விட்டுச் சுட்டு அடுக்குவாள். அடுக்கி முடிப்பதற்குள் அவளே நாலு தின்றிருப்பாள். டீக்கு நாலு கரண்டி சர்க்கரை வேண்டும். "வெயில்ல வேல செய்யறவளுக்கு இனிப்பு ஒடம்புல ஒட்டாது" என்பது அவள் வைத்தியம்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், அவளுக்கு நாற்பத்தெட்டு வயதில், முதல் முறை விரலில் குத்தினேன். முந்நூற்றுப் பன்னிரண்டு.

"என்ன கலை, முன்னூத்திப் பன்னண்டுன்னா நல்லதா, கெட்டதா?"

"பரீட்சையில வாங்குனா நல்லது. ரத்தத்துல வாங்குனா கெட்டதுக்கா."

கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம், முதல் வாரம் நாலு கரண்டியை இரண்டாக்குங்கள் என்று நான் பாடம் ஒப்பித்தேன். அவள் கேட்கவில்லை. "ஒரேயடியா வுட்டாத்தான் வுடுவேன். கொஞ்சம் கொஞ்சமாக் கொறைக்கச் சொன்னீன்னா, கொஞ்சம் கொஞ்சமாத் திருடுவேன்" என்றாள். அன்றைக்குச் சாயங்காலமே சர்க்கரை இல்லாத டீ. ஒரு வாய் குடித்துவிட்டு, "இத மாட்டுக்குக் காட்டுனா மோந்து பாத்துட்டுத் திரும்பிக்கும்" என்றாள். ஆனாலும் டம்ளரைக் காலி செய்தாள். இரண்டு வாரம் தலைவலி. தர்மன் அண்ணன் வாயைத் திறந்தாலே எரிந்து விழுந்தாள். வெல்லம் மட்டும் போட்டுக்கொள்ளலாமா என்று என்னோடு ஒரு மாதம் வாதாடினாள். வெல்லமும் அதே கழுதைதான் என்றேன். களி இரண்டு உருண்டையிலிருந்து ஒன்றானது, கீரை கூடியது. எட்டு மாதத்தில் நூற்று முப்பத்தெட்டுக்கு வந்தாள். மற்ற வீடுகளில் வாயைக் கட்ட முடியாமல் அழுகிறவர்களிடம் நான் அக்காவைத்தான் உதாரணம் காட்டினேன். அதுவும் என் புத்தி கெட்ட வேலைதான். பை சொன்னது போதாதென்று நானே ஊருக்குச் சொல்லியிருக்கிறேன்.

பிரியதர்ஷினிக்கு வரன் பார்க்கத் தொடங்கினார்கள். முதலில் வந்தவர்களுக்குப் பெண்ணைப் பிடித்தது, ஜாதகமும் பொருந்தியது. போகிற வழியில் டீக்கடையில் விசாரித்திருக்கிறார்கள். மறுவாரம் ஜாதகம் பொருந்தவில்லை என்று போன் வந்தது. பொருந்திய ஜாதகம் ஒரு வாரத்தில் எப்படிப் பொருந்தாமல் போகும்? தரகர்தான் உண்மையைச் சொன்னார். "அந்தம்மாவுக்குச் சக்கரையாமே. டீயே சக்கரை இல்லாமத்தான் குடிக்குதாமே. நாளைக்குப் பொண்ணுக்கும் வரும், பேரப்புள்ளைக்கும் வரும்னு யோசிக்கறாங்க." இரண்டாவது வரனும் அதே டீக்கடை வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பியது. தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை என்று நம் ஆட்கள் எதற்கெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார்கள்.

ஒருநாள் காலையில் அக்கா என் வீட்டுக்கு வந்தாள். உட்காரவில்லை.

"கலை, இனிமே நீ எங்க வூட்டுப் பக்கம் வராத."

"அப்ப மாத்திரை எப்படிக்கா?"

"சந்தையில குடு. கொத்தமல்லிக் கட்டுக்குள்ள வெச்சிக் குடு. புள்ளைக்கு ஒரு எடம் முடியற வரைக்கும்."

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. சரி என்றேன்.

மாத்திரை மறைந்தால் போதும் என்று நான் நினைத்தேன். அக்கா அதற்கு மேலும் யோசித்திருந்தாள். காலையில் பால் ஊற்றுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே கருப்பண்ணன் டீக்கடை. ஊர்ப் பேச்சு முழுக்க அங்கேதான். ஒருநாள் நான் அங்கே நிற்கும்போது அக்கா பால் கேனை இறக்கி வைத்துவிட்டு, எல்லார் காதிலும் விழுகிற மாதிரி, "கருப்பண்ணா, சக்கரை தூக்கலா ஒரு டீ" என்றாள். என்னைப் பார்த்துக்கொண்டே குடித்தாள். முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை.

அவளைச் சந்தையில் பிடித்துக்கொண்டேன். "என்னக்கா செய்யறீங்க நீங்க?"

"ஒரு நாளைக்கு ஒரு டீ. அது எனக்கில்ல கலை. ஊருக்கு."

ஊருக்கு ஒரு டீ எங்கே போதும்? வளைகாப்பில் லட்டு கொடுத்தால் வாங்கி எல்லார் எதிரிலும் தின்ன வேண்டும். பக்கத்து வீட்டில் கேசரி கிண்டினால் இன்னொரு கை கேட்க வேண்டும். அடங்கிக் கிடந்த நாக்கும் விழித்துக்கொண்டது, அதை நான் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். எட்டு மாதம் பட்டினி போட்ட நாக்கு அது. அடுத்த முறை சந்தையில் மறைவாக விரலில் குத்தியபோது இருநூற்று எழுபது. அதற்குப் பிறகு விரலை நீட்டவே மாட்டேன் என்றுவிட்டாள்.

ஆவணியில் பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் நவநீதன், ஓசூரில் கம்பெனி வேலை. அவனுக்கு ஒரு தங்கை, கல்லூரியில் படிக்கிறாள். அப்பா இல்லை. எல்லாம் அம்மா முனியம்மாள்தான். கழுத்து நிறைய நகையும் அளந்த பேச்சுமான பெண்மணி. அவர்களும் டீக்கடையில் விசாரித்தார்கள். "தினம் சக்கரை தூக்கலாத்தான் கேக்கும்" என்று கருப்பண்ணன் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னான். கார்த்திகையில் நிச்சயம், தையில் கல்யாணம் என்று முடிவானது. அக்கா முகத்தில் பல மாதம் கழித்து ஒரு வெளிச்சம் தெரிந்தது.

நிச்சயத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது தர்மன் அண்ணன் என்னைக் கூப்பிட்டு விட்டார். பின்பக்கமாக வரச் சொன்னார். வீட்டுத் தரையில் அங்கங்கே ரத்தக் கறை. மாட்டுக்கு அடிபட்டதா என்று முதலில் மாட்டைத்தான் பார்த்தாராம். அக்காவின் செருப்பைத் திருப்பிக் காட்டினார். ஒரு கருவேல முள் அடியில் நுழைந்து மேலே முளைத்திருந்தது. இரண்டு நாளாக அந்தச் செருப்போடுதான் தோட்டத்துக்கும் பால் ஊற்றவும் போய் வந்திருக்கிறாள். பாதத்தில் சுண்டு விரல் நுழைகிற ஓட்டை.

"வலிக்கலியாக்கா?"

"ஒண்ணுமே தெரியல கலை."

வலி தெரியாததுதான் பயம், இன்றைக்கே தர்மபுரி பெரியாஸ்பத்திரிக்குப் போவோம் என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். காலில் கட்டுப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இறங்கினால் இந்த ஊருக்கு வேறு விளக்கம் வேண்டுமா? "பத்தே நாள். தட்டு மாத்தி முடிச்சிக்கறேன். அப்பறம் நீ எங்க கூப்பிட்டாலும் வர்றேன்." நான் புண்ணைக் கழுவி மருந்து வைத்தேன். பத்து நாள்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான் படித்தவள், எனக்குத் தெரியும், தெரிந்தும் தலையாட்டினேன்.

நிச்சயத்தன்று வீடு நிறைய ஆட்கள். வெறுங்காலோடு அக்கா அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடந்தாள். செருப்புப் போட்டால் கேள்வி வரும், கட்டுப் போட்டால் இடமே போகும். கொஞ்சம்கூட நொண்டவில்லை. வலி இருந்தால்தானே நொண்டுவதற்கு? அவளைக் கெடுத்த வியாதியே அன்றைக்கு அவள் மானத்தைக் காப்பாற்றியது.

எங்கள் பக்கம் உறுதியாகிற வரைக்கும் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். தட்டு மாற்றியதும் சம்பந்தியம்மாக்கள் இரண்டு பேரும் ஒருவர் வாயில் ஒருவர் சர்க்கரை போட வேண்டும். அப்புறம்தான் இலை. முனியம்மாள் ஒரு பிடி அள்ளி அக்கா வாயில் போட்டாள். அக்கா மென்று விழுங்கிவிட்டு, தானும் ஒரு பிடி அள்ளி அவள் வாயில் போட்டாள். இலையில் அவளே சுட்ட ஒப்புட்டு. முனியம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா ஒன்று தின்றாள், இரண்டாவதும் வாங்கித் தின்றாள்.

கை கழுவப் பின்பக்கம் போனேன். முருங்கை மரத்தடியில் முனியம்மாள் குனிந்து நின்றிருந்தாள். கன்னத்தில் அடக்கி வைத்திருந்த ஒப்புட்டைத் துப்பினாள். விரலை விட்டு வாயைத் துடைத்து, மூன்று முறை கொப்பளித்தாள். இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து முழுங்கினாள். மாதம் நானூறு பேருக்குக் கொடுக்கிற சுகர் மாத்திரை அது, பத்தடி தள்ளி நின்றே எனக்குத் தெரியும். அவள் என்னைப் பார்க்கவில்லை. நானும் யாரிடமும் சொல்லவில்லை. நல்ல காரியம் நல்லபடியாக முடியட்டும் என்று இருந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் அக்காவுக்குக் காய்ச்சல் அனலாகக் கொதித்தது. பாதம் கறுத்திருந்தது. பெரியாஸ்பத்திரியில் ஐந்து நாள் மருந்து ஏற்றிப் பார்த்தார்கள். ஆறாம் நாள் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். பிரியதர்ஷினிக்கு அதுவரை முள் குத்தியதே தெரியாது. கட்டில் பக்கத்தில் நின்று, "எனக்காகக் கால வெட்டிக்கச் சொன்னனாம்மா நான்?" என்று கேட்டாள். அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

குற்ற உணர்ச்சி தாங்காமல் அன்றைக்கு அக்காவிடம் முருங்கை மரத்தடி விஷயத்தைச் சொன்னேன். அக்கா சிரித்தாள்.

"பரவாயில்ல, அவளுக்குத் துப்பத் தெரிஞ்சிருக்குது. எனக்குத் தெரியல பாரு." பிறகு, "அப்ப அவ கல்யாணத்த நிறுத்த மாட்டா கலை. அவளுக்குப் புரியும்" என்றாள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

அக்கா வீடு திரும்பிய நாலாம் நாள் முனியம்மாள் வந்தாள். நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். கால் இருந்த இடத்தைப் பார்க்காமல் பேசினாள்.

"மறைச்சிட்டீங்களேம்மா. ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமுங்க. எங்க வம்சத்துலயே இந்தச் சக்கர வியாதி கெடையாது. தெரிஞ்சே எப்படிங்க பொண்ணெடுக்கறது? பையனும் வேண்டாங்கறான். தட்டுல வெச்ச பொடவையக் குடுத்துட்டீங்கன்னா..."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வாயைத் திறந்தேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினாள். பிறகு உள்பக்கம் திரும்பி மகளைக் கூப்பிட்டாள்.

"பிரியா, பொடவைய எடுத்துட்டு வா. இவங்களுக்கு ஒரு டீயும் போட்டுக் கொண்டா. சக்கரை போடாத."

முனியம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். அக்கா அவளையே பார்த்தாள். டீ வந்தது. ஒரு மடக்கு, இரண்டு மடக்கு. சர்க்கரை எங்கே என்று கேட்கவில்லை, முகம் சுளிக்கவில்லை. முழுசாகக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாள். புடவையை எடுத்துக்கொண்டு, வர்றேன் என்றுகூடச் சொல்லாமல் போய்விட்டாள்.

"ஏன்க்கா வுட்டீங்க? நாலு பேரு முன்னாடி கிழிச்சிருப்பேன்ல?"

"அவளுக்கும் கட்டிக் குடுக்க ஒரு பொண்ணு இருக்குது கலை" என்றாள்.

ஒரு வருஷமாகிறது. அதற்கப்புறம் பிரியதர்ஷினிக்கு வரன் எதுவும் வரவில்லை. அவளும் கேட்பதில்லை. தர்மபுரியில் வேலைக்குப் போய் வருகிறாள். கருப்பண்ணன் கடையில் அக்காவைப் பாவம் என்கிறார்கள். நான் இப்போது நீலப் பையோடு முன்வாசல் வழியாகவே போகிறேன். மறைக்க அந்த வீட்டில் ஒன்றும் இல்லை. அக்கா மறுபடி சர்க்கரையைத் தொடுவதில்லை, மாத்திரை ஒன்றும் விடுவதில்லை. போன மாதம் விரலில் குத்தியபோது நூற்று முப்பத்தாறு. சந்தோஷத்தில் மீட்டரை அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

வாங்கிப் பார்த்தாள். "நல்ல நம்பர்தான்" என்று திருப்பிக் கொடுத்தாள். "இத வெச்சிக்கிட்டு நான் எங்க நடந்து போறது?"