தொட்டிலிலேயே மாப்பிள்ளை காட்டியவர்

என் மகளுக்குப் பதின்மூன்று வயது. அவள் தொட்டிலில் கிடந்த காலத்திலிருந்தே என் அண்ணன் தம் மகனைக் காட்டி, "இந்தா, உன் மாப்பிள்ளை வந்துட்டான் பாரு" என்று சொல்லிச் சிரிப்பார். போன வருஷம் அவளுக்குச் சடங்கு சுற்றியபோது தாய்மாமன் சீரோடு வந்தவர், சபை நடுவிலும் அதையே சொன்னார். குரல் உடைகிற வயதுப் பையன், காது சிவந்து தலைகுனிந்து நின்றான். அதையும் வேடிக்கை என்றார்கள்.

இந்தத் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக் கோயிலில் அந்தப் பையன் அவளுக்குக் கண்ணாடி வளையல் வாங்கிக் கொடுத்தான். அவளும் போட்டுக்கொண்டாள். நடந்தது அவ்வளவுதான்.

விஷயம் தெரிந்ததும் அண்ணன் தம் மகனை இழுத்துக்கொண்டு ரிக்‌ஷாவில் எங்கள் வீட்டுக்கு வந்து, எல்லார் முன்னும் அவனை அறைந்தார்.

"இந்த வயசுல காதல் கேக்குதா? தங்கச்சி, நாளையிலேருந்து இவளைப் பள்ளிக்கூடம் அனுப்பாதே."

என் மகள் அழவில்லை. "நீங்கதானே மாமா சொன்னீங்க, இவன்தான் மாப்பிள்ளைன்னு?" என்று கேட்டாள். அண்ணன் அவனைத் தள்ளிக்கொண்டு ரிக்‌ஷாவில் ஏறிப் போனார்.

எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. உடம்பு வளருகிற வயதில் மனசும் அலையும். அது இயற்கை. அந்த மனசில் ஆசையை ஊட்டி வளர்த்துவிட்டு, அது தலைகாட்டியதும் பிள்ளைகளை அடிப்பது என்ன நியாயம்?

மறுநாள் நானே அவளைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டேன். இளையவளுக்கு நான்கு வயது. அவளிடம் யாராவது "உன் மாப்பிள்ளை எங்கே?" என்று ஆரம்பித்தால், "கோப்பி ஆறுது, குடிச்சிட்டுக் கிளம்புங்க" என்கிறேன்.

முதலில் அதைக் கேட்டுக்கொண்டு கிளம்பியவர் என் அண்ணன்தான்.