ரம்பக்காரரின் இடது காது

என் வீட்டுக்காரரை மரக்கடையில் ரம்பக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருஷம் பெரிய ரம்பத்துக்குப் பக்கத்தில் நின்று பலகை அறுத்தவர். அந்தச் சத்தத்தில் இடது காது ஏறக்குறைய போய்விட்டது. வலது காதில் கத்தினால் விழும். கத்துகிற வேலை என்னுடையது.

பன்னிரண்டு வருஷமாக அவருக்கு வலப்பக்கம் நான்தான். தெருவில் நடந்தாலும் சரி, விசேஷ வீட்டில் உட்கார்ந்தாலும் சரி, யார் என்ன சொன்னாலும் என் வாய் வழியாகத்தான் அவருக்குப் போகும். அவருடைய அக்கா, அதாவது என் நாத்தனார், அரை மணி நேரம் அளந்துவிட்டுப் போனால் "சௌக்கியமாம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவேன். பொய்யா சொன்னேன்? சுருக்கிச் சொன்னேன், அவ்வளவுதான்.

அந்த நாத்தனாரே ஒருநாள் வந்து, காது மெஷின் பொருத்தும் இடத்துக்குத் தம்பியைக் கையோடு கூட்டிக்கொண்டு கிளம்பினாள். நான் விடுவேனா? கூடவே போனேன்.

அங்கே இருந்தது ஒரு சின்னப் பெண். காதுக்குள் மாவு மாதிரி எதையோ அடைத்து அச்சு எடுத்தாள். தாடையைத் தொட்டு அவள் தலையைத் திருப்ப, இந்த மனுஷர் கண்ணை மூடிக்கொண்டு பச்சைப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். நான் நகம் வெட்டக் கூப்பிட்டால் ஆயிரம் சாக்குச் சொல்கிறவர்!

"ஒரு காதுக்கு மாட்டினா போதாதா?" என்று கேட்டேன்.

"போதாதுக்கா. ரெண்டு காதும் சேர்ந்து கேட்டாத்தான் சத்தம் எந்தப் பக்கத்துலேருந்து வருதுன்னு பிடிபடும். நாலு பேர் பேசுற இடத்துலயும் புரியும்."

அடுத்த வாரம் இரண்டையும் மாட்டிவிட்டு, "ஐயா, கேக்குதா?" என்றாள் மெதுவாக. "நல்லா கேக்குதும்மா" என்று இவருக்கு வாயெல்லாம் பல். என் பங்குக்கு நானும் கேட்டேன். முகத்தைச் சுளித்தார்.

"ஏன்டி இப்படிக் கத்துற?"

யாருக்காகக் கத்திக் கத்தி இந்தத் தொண்டை இப்படி ஆயிற்றாம்?

அதற்கப்புறம் நாத்தனார் தினமும் வந்தாள். அவருக்கு இடப்பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, சின்ன வயசுக் கதையெல்லாம் பேசினாள். அக்காவும் தம்பியும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். டீ கொண்டுபோய் நின்றால் என்னை யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. பொறாமைதான். இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும்.

தினம் காலையில் மெஷினை மாட்டிவிடுவது நான். அவருடைய தடித்த விரலுக்கு அந்தப் பொடிசு பிடிபடாது. பேட்டரி மூடியைக் கொஞ்சம் திறந்து வைத்தால் மெஷின் ஓடாது என்று அந்தப் பெண்ணே சொல்லிக் கொடுத்திருந்தாள். பதினோராம் நாள் இடது மெஷினின் மூடியைத் திறந்தபடியே மாட்டிவிட்டேன். மறுநாளும் அப்படியே செய்தேன்.

அக்கா பேச்சுக்கு வெறுமனே தலையாட்டினார். இரண்டு நாளில் அவளுக்கும் சலித்துப்போய் வருவதைக் குறைத்துக்கொண்டாள். இவர் பழையபடி என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். "ஏதோ நினைப்புல இருந்துட்டேன், என்ன சொன்னா?" என்று என்னைக் கேட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. சந்தோஷத்தில் கொஞ்சம் சதைகூடப் போட்டேன்.

மூன்று வாரம் கழித்து மெஷினைச் சரிபார்க்க வரச் சொல்லியிருந்தார்கள். அன்றும் மூடியைத் திறந்துதான் வைத்திருந்தேன். எத்தனை மணி நேரம் ஓடியது என்பது அதற்குள்ளேயே பதிவாகும் என்று நான் என்னத்தைக் கண்டேன்? அந்தப் பெண் இரண்டையும் கழற்றிக் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தாள். வலதை மட்டும் திரும்ப அவர் காதில் வைத்துவிட்டு, இடதைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"ஐயா, வலது பக்கம் ஒரு நாளைக்குப் பதினாலு மணி நேரம் ஓடியிருக்கு. இடது அதுல பாதிகூட இல்லையே. கழட்டி வெச்சுடுறீங்களா?"

நான் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்க்க ஆரம்பித்தேன்.

அவர் ஓரக்கண்ணால் என்னைப் பார்த்துவிட்டு அவளிடம் குனிந்தார். ரகசியமாகப் பேசுவதாக நினைப்பு. ரம்பத்தோடு மல்லுக்கட்டிப் பேசிப் பழகினவருக்கு ரகசியம் எங்கே வரும்? அறை முழுக்கக் கேட்டது.

"அந்தக் காது செத்துப்போச்சும்மா. பத்து நாள் கேட்டுச்சு, அப்புறம் சுத்தமா இல்ல. இனிமே மெஷின் வெச்சும் பிரயோஜனம் இல்லபோல. இவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. எனக்குக் கேக்குதுன்னு கொஞ்ச நாளாத்தான் முகம் மலர்ந்து இருக்கா. தெரிஞ்சா உடைஞ்சுபோயிடுவா."

நான் எழுந்து போய், அந்தப் பெண் கையிலிருந்த மெஷினை வாங்கி மூடியை அழுத்தி மூடினேன். அவருடைய இடது காதில் மாட்டினேன். அந்தப் பக்கமாகவே நின்று, கத்தாமல், "நான்தாங்க அதை ஓடவிடாம வெச்சேன்" என்றேன்.

சடாரென்று என் பக்கம் திரும்பினார். கண்ணில் தண்ணீர் நின்றது.

"கேக்குதும்மா!" என்று அந்தப் பெண்ணைப் பார்த்துக் கத்தினார். "சாகல! காது சாகல! இவ பேசுறது கேக்குது!"

என் குரல் மட்டும்தான் காதில் விழுந்திருக்கிறது. என்ன சொன்னேன் என்பது அவருக்கு உறைக்கவில்லை. அவர் சிரித்துச் சிரித்து ஓயும்வரைக்கும் காத்திருந்து, அதையே இன்னொரு தடவை சொன்னேன்.