சனிக்கிழமை மட்டும் 'நீங்க'

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதைப் படித்து முடித்ததும் "நல்ல கற்பனை" என்று யாரும் என் முதுகில் தட்ட வேண்டாம். எனக்கு அந்த அளவு கற்பனை இருந்திருந்தால் என் ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயம் இரண்டு வருடமாக முதல் பக்கத்திலேயே நின்றிருக்காது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நேரங்கள் எல்லாம் சரியானவை. அன்று என் எதிரே ஒரு சுவர்க் கடிகாரம் இருந்தது. வேறு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் பாதி நேரம் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்குக் கல்யாணமாகி ஒன்றரை வருடம். கல்லூரியில் ஆராய்ச்சி மாணவன். முதலாண்டுப் பிள்ளைகளுக்கு வேதியியல் செய்முறை வகுப்பும் எடுப்பதால் வீட்டில் என் பெயர் 'வாத்தி'. மனைவிக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலை. "இது தெளிவா இருக்கா, இல்ல இதுவா?" என்று ஒரு நாளைக்கு நாற்பது பேரிடம் கேட்பாள். நாற்பது பேரும் அவளை டாக்டர் என்றே நினைத்துக்கொண்டு போவார்கள். அதனால் அவள் பெயர் 'டாக்டரம்மா'.

ஆறு மாதத்துக்கு முன்பு எங்கள் வீட்டில் பேச்சு குறைந்துபோனது. பால் தீர்ந்துவிட்டது, சோப்பு தீர்ந்துவிட்டது, இவ்வளவுதான். அதைப் பார்த்து மனைவியின் அக்கா ஒரு வைத்தியம் சொன்னார். சனிக்கிழமை தோறும் வெளியே போங்கள். ஆனால் புருஷன் பெண்டாட்டியாகப் போகாதீர்கள். முன்பின் தெரியாத இரண்டு பேர் முதல்முறை சந்திப்பது மாதிரி போங்கள்.

அதற்கு நாங்கள் விதிகள் போட்டோம். தனித்தனியாகப் போக வேண்டும், தனித்தனியாகத் திரும்ப வேண்டும். ஆறு மணிக்கு செல்போனை அணைத்துவிட வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், 'நீங்க' என்றுதான் பேச வேண்டும். யார் வாயில் முதலில் 'நீ' வருகிறதோ அவர்தான் அந்த வாரம் முழுக்கப் பாத்திரம் கழுவ வேண்டும்.

டாக்டரம்மா ஒரு தடவைகூட இருபது நிமிடம் தாண்டியதில்லை. "நீங்க என்ன பண்றீங்க?" என்று நளினமாக ஆரம்பிப்பாள். தட்டு வரக் கொஞ்சம் தாமதமானால் "டேய், பசிக்குதுடா" என்று தோற்றுப்போவாள்.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அவள் அப்பாவுக்கு இருதய ஆபரேஷன் நடக்கும்வரை.

ஆபரேஷன் அன்று நான் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. செய்முறைத் தேர்வு இருக்கிறது என்று சொன்னேன். அன்று தேர்வு எதுவும் இல்லை என்பதை, அவள் கடைக்குக் கண்ணாடி மாற்ற வந்த என் மாணவன் ஒருவன் சிரித்த முகத்தோடு அவளிடம் சொல்லியிருக்கிறான். ஒன்பது நாள் அவள் என்னோடு பேசவில்லை. இதற்கிடையில் வேறு ஊர்க் கிளைக்குப் போகிறாயா என்று அவள் கடையில் கேட்டிருந்தார்கள். திங்கள் காலை பத்து மணிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

வெள்ளிக்கிழமை வாயைத் திறந்தாள்.

"நாளைக்கு வா. ஏன் வரலன்னு சொல்லு. ஜோக் அடிக்காம சொல்லு. இல்லன்னா நான் போறேன்."

சனிக்கிழமை நான் எழுந்தபோது அவள் வேலைக்குக் கிளம்பிப் போயிருந்தாள். ஃபிரிட்ஜில் ஒரு சீட்டு: 'ஆறு மணி. அதே கடை.'

அதே கடை என்றால் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் காபிக் கடை. வேறு ஏதாவது இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

5:50க்குப் போய் உட்கார்ந்தேன். வெளியே கொட்டுகிற மழை. அந்தக் கடைக் கதவில் ஒரு சின்ன மணி கட்டியிருப்பார்கள். யார் வந்தாலும் 'கிணிங்' என்னும். 6:00க்கு செல்போனை அணைத்து, பைக்குள் போட்டு, நிமிர்ந்தேன்.

மணி அடிக்கவில்லை.

எதிரே உட்கார்ந்திருந்தாள்.

"நீங்கதானா அது?" என்றாள்.

"நானேதான்."

டாக்டரம்மா ஒருநாளும் ஆறு மணிக்கு வந்ததில்லை. ஆறே கால் என்றால் அன்று சீக்கிரம் என்று அர்த்தம். இன்றைக்கு விஷயம் பெரிது, அதனால் நேரத்துக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். இரண்டு காபி சொன்னேன். குடை இல்லை. தலைமுடியில், புடவையில், எங்கேயும் ஒரு சொட்டு ஈரம் இல்லை. ஆட்டோவில் வந்திருப்பாள் என்று அதற்கும் நானே பதில் சொல்லிக்கொண்டேன்.

"உங்களுக்குப் பொழுதுபோக்கு என்னங்க?" என்று கேட்டாள்.

"தெரியாதவங்களோட உக்காந்து காபி குடிக்கிறது."

சிரித்தாள். ஆனால் ஒரு விநாடி தள்ளிச் சிரித்தாள். வெளிநாட்டு போன் பேச்சில் குரல் தாமதமாக வருமே... அது மாதிரி.

6:20. அவள் வாயில் இன்னும் 'நீ' வரவில்லை. இதுவரை இல்லாத சாதனை. அவளுடைய காபி அப்படியே இருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் மூக்குக் கண்ணாடி எப்போதும் இடது பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கும். டாக்டரம்மாவால் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. சண்டையில் கத்திக்கொண்டிருக்கும்போதுகூட கையை நீட்டி அதை நிமிர்த்திவிட்டுத்தான் மேற்கொண்டு கத்துவாள். பேசாமல் இருந்த ஒன்பது நாளும் நிமிர்த்தினாள்.

இவள் என் கண்ணாடியைப் பார்த்தாள். தலையை அதே அளவுக்கு இடது பக்கம் சாய்த்தாள். அப்படியே பேசினாள்.

என்ன நடிப்பு! இந்த வாரப் பாத்திரம் என் தலையில்தான் என்று எனக்கு உள்ளுக்குள் பொறாமையே வந்தது. சரி, தோற்கடிக்க ஒரு வழி இருக்கிறது. மேஜைக்கு அடியில் லேசாக ஒரு உதை விட்டால் "டேய்!" என்று கட்டாயம் கத்துவாள்.

6:41. காலை நீட்டி அவள் காலைத் தேடினேன்.

கிடைக்கவில்லை.

இன்னும் கொஞ்சம் நீட்டினேன்.

டொக்...

அவள் நாற்காலியின் பின்னங்காலில் போய் இடித்தது.

காலை மெதுவாக இழுத்துக்கொண்டேன். காலை மடக்கி உட்கார்ந்திருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டு தடவை சொல்லிக்கொண்டேன்.

7:05. அவள் குரல் மாறவில்லை. கேள்வி மாறியது.

"உங்க மாமனாருக்கு ஆபரேஷன் நடந்தப்ப நீங்க ஏன் போகல?"

இதற்குத்தானே வந்தேன். சொல்லியிருக்க வேண்டும். ஆனால் என் வாய் என் பேச்சைக் கேட்காது.

"ஆஸ்பத்திரி முழுக்க டாக்டருங்க. வீட்டுல இருக்கிற ஒரு டாக்டரம்மாவையே சமாளிக்க முடியல."

இந்தத் தடவை சிரிக்கவில்லை. தள்ளியும் சிரிக்கவில்லை.

"சொல்ல மாட்டீங்களா?"

"காபி ஆறுதுங்க."

"பரவால்ல," என்றாள். "அவர் சொல்லிட்டிருக்கார்."

"எவர்?"

கையை நீட்டினாள். கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே, மழையில், பாலம் இருக்கிற பக்கம்.

"அங்க."

7:10.

எனக்குப் போதும் என்று ஆகிவிட்டது. வேண்டுமென்றே தோற்க முடிவு செய்தேன்.

"சரி, நான் தோத்துட்டேன். நீ ஜெயிச்சுட்ட. போதும் விடு."

என்னையே பார்த்தாள். ஒரு விநாடி...

"யாரைச் சொல்றீங்க?"

கடிகாரத்தைப் பார்த்தேன். 7:31 வரை.

"நீங்க கிளம்புங்க," என்றாள். "நான் கொஞ்சம் இருந்துட்டு வர்றேன்."

கிளம்பினேன். எனக்கு மணி அடித்தது. கிணிங்.

நடைபாதையில் நின்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன்.

என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

வீட்டுக்கு வந்தபோது 7:55. எல்லா விளக்கையும் போட்டேன். குளியலறை விளக்கைக்கூட விடவில்லை. திங்கட்கிழமை அவள் போகத்தான் போகிறாள் என்று தெரிந்தது. கேட்ட ஒரே கேள்விக்கு ஜோக் அடித்திருக்கிறேன்.

8:20க்கு அழைப்பு மணி. கதவைத் திறந்தேன். சொட்டச் சொட்ட ஒரு குடை. அதற்குப் பின்னால் டாக்டரம்மா. கண் சிவந்திருந்தது. உள்ளே வந்ததும் கையை நீட்டி என் கண்ணாடியை நிமிர்த்தினாள். பிறகு என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

"லூசு. என்கிட்ட சொல்றதுக்கு என்னடா?"

"என்ன சொல்றதுக்கு?"

"கேட் வரைக்கும் வந்துட்டு, அந்த மருந்து வாசனை தாங்காம திரும்பிட்டேன்னு. எதிர் பஸ் ஸ்டாப்புல உக்காந்துட்டே இருந்தேன்னு. ஒம்பது பஸ் வந்துச்சாம், ஒண்ணுலயும் ஏறலையாம். கேக்கக் கேக்க எனக்கு அழுகையா வந்துச்சு, தெரியுமா?"

நான் அசையவில்லை.

அது அத்தனையும் உண்மை. ஒன்பது பஸ். நான் எண்ணினேன். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஒருவரிடமும் இல்லை.

"எங்க வச்சு சொன்னேன்?"

"மாடில, ஜன்னலோரம். ஏன், மறந்துபோச்சா? ஒரு தடவைகூட 'நீ'ன்னு சொல்லல நீ இன்னிக்கு. நானும் சொல்லல. இப்ப பாத்திரம் யார் கழுவறது?"

பழைய கடைக்கு மாடி கிடையாது. பாலத்துக்கு அந்தப் பக்கம் அதே பெயரில் ஒரு புதுக் கிளை திறந்திருக்கிறார்கள். போன மாதம் ஒரே ஒரு தடவை போனோம். அதற்கு மாடி உண்டு. அவளுக்கு 'அதே கடை' அதுதான். அவள் பையிலிருந்து ரசீது எட்டிப் பார்த்தது. எடுத்துப் பார்த்தேன். புதுக் கிளை. இரண்டு காபி. 7:48.

7:48க்கு நான் நனைந்துகொண்டு நடந்துகொண்டிருந்தேன்.

பாத்திரத்தை நான்தான் கழுவினேன். ஒரு தம்ளர் கைதவறி உடைந்தது.

அவளிடம் சொல்லியிருக்கலாம். எப்படிச் சொல்வது? உன்னிடம் மனம் விட்டுப் பேசினது நான் இல்லை என்றா? திங்கள் பத்து மணிக்கு இன்னும் முப்பத்தேழு மணி நேரம் சொச்சம் இருந்தது. வாயை மூடிக்கொண்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாக.

திங்கள் காலை 9:40க்கு அவள் கடைக்குப் போன் செய்து, வேறு ஊருக்குப் போகவில்லை என்று சொல்லிவிட்டாள். எனக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. குதிக்கவில்லை. யாருக்கோ கிடைத்த பரிசை வாங்கி வைத்துக்கொண்டவன் மாதிரி இருந்தது.

செவ்வாய்க்கிழமை பழைய கடைக்குப் போனேன். அன்று காபி கொண்டுவந்த ஊழியர் என்னைப் பார்த்ததும் பக்கத்தில் வந்தார்.

"சார், உங்க வீட்டம்மா சௌக்கியமா?"

"ஏன்?"

"நீங்க போனப்புறமும் உங்க சீட்டுலயே இருந்தாங்க. மூடற நேரம்னு சொல்லியும் எந்திரிக்கல. சரி, லைட்டை அணைச்சாலாவது எந்திரிப்பாங்கன்னு அணைச்சேன்..."

"அப்புறம்?"

"திரும்பப் போட்டேன் சார். ஆள் இல்ல. கதவு மணி அடிக்கல."

அந்த வாரம் முழுக்க டாக்டரம்மா பழைய டாக்டரம்மாவாக இருந்தாள். சிரித்தாள், அதட்டினாள், கண்ணாடியை நிமிர்த்தினாள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. அவள் அன்பாகப் பார்க்கும்போதெல்லாம், இந்தப் பார்வை எனக்கா அவனுக்கா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு காலையில் சொன்னாள்: "சொன்னபடி இன்னிக்கு போய் அப்பாவைப் பாத்துட்டு வந்துடு, வாத்தி. நீ வருவேன்னு அவர்கிட்ட சொல்லிட்டேன்."

நான் எதையும் சொல்லவில்லை. சொன்னது அவன். ஆனால் போவது நானாக இருக்கட்டும் என்று கிளம்பினேன். இந்த ஒன்றையாவது நானே செய்ய வேண்டும். மன்னிப்புக் கேட்க வேண்டும். ஒன்பது பஸ் கதையை என் வாயால் சொல்ல வேண்டும். பஸ்ஸில் போகும்போது முழுக்க மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன்.

மாலை 4:05. மாமா வீட்டுக் கதவைத் தட்டினேன்.

உள்ளே மெதுவான காலடிச் சத்தம். சரக்... சரக்... தாழ்ப்பாள். கதவு திறந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு மாமா பாதியாக இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் முழுக்கச் சிரிப்பு.

"வாங்க மாப்ள. எடுத்துட்டுப் போக வந்தீங்களா?"

"எதை மாமா?"

"செருப்பைத்தான். இவ்ளோ நேரம் உக்காந்து அந்த பஸ் ஸ்டாப் கதையெல்லாம் சொல்லிட்டு, வெறுங்காலோட இறங்கிப் போறீங்க. பின்னாடியே கூப்பிட்டேன். திரும்பியே பாக்கல."

வாசற்படியின் ஓரத்தைக் காட்டினார்.

ஒரு ஜோடி பழுப்புச் செருப்பு. இடது குதிகால் வெளிப்பக்கம் தேய்ந்திருந்தது. வலது வாரில் கருப்பு நூல் தையல். அது நான் என் கையால் கோணலாகப் போட்ட தையல்.

மெதுவாகக் குனிந்து பார்த்தேன்.

என் செருப்பு என் காலில்தான் இருந்தது.