லெஸ்ரரில் எப்போதும் வெயில்

"குதிரையை ஏசாதையும். குதிரை தன்ர வேலையை ஒழுங்காத்தான் செய்தது. பிழை விட்டது மழை."

தில்லைநாதன் தன் மனைவி விமலேஸ்வரியைப் பார்த்து இப்படிச் சீறியபோது நான் வேலிக்கு இந்தப் பக்கம் முருங்கைக்காய் பிடுங்கிக்கொண்டு நின்றேன். பிடுங்கி முடிந்துவிட்டது. ஆனாலும் நின்றேன். பக்கத்து வீட்டில் சண்டை பாதியில் இருக்கும்போது உள்ளே போய்விட எனக்கு மனம் வராது.

"மழைக்கோ காசு கட்டினனீங்கள்?" என்றாள் விமலேஸ்வரி.

"குதிரைக்குத்தான் கட்டினனான்."

"அப்ப நான் குதிரையைத்தானே ஏசவேணும்."

அவள் விடவில்லை.

"லெஸ்ரரில இதோட அஞ்சு தரம். ஆறாவதும் விட்டியளெண்டால் இந்த வேலையே வேண்டாம். பரந்தனில தம்பியின்ர கடையில போய் இருங்கோ. காசு மேசையில இருக்க நம்பிக்கையான ஆள் வேணுமெண்டு அவன் எத்தினை நாளாக் கேக்கிறான்."

"சரி. ஆறாவதும் பிழைச்சால் போறன்."

"சத்தியமா?"

"சத்தியமா. அந்த வேலிக்குள்ள நிக்கிற அக்கா சாட்சி."

இனி ஒளித்துப் பயனில்லை. "ஓம், கேட்டுது," என்றேன்.

அந்தத் தம்பி நடராசாவின் கடை இரும்புச் சாமான் கடை. காலை எட்டு மணியிலிருந்து இரவு எட்டு மணி வரை ஆணி நிறுப்பதும் பைப்பு அளப்பதும்தான் அங்கே சீவியம். நடராசா வேறு வாய் ஓயாத ஆள். ஒரு பூட்டு வாங்கப் போனாலே தான் கடையைக் கட்டியெழுப்பின கதையை முழுக்கச் சொல்லித்தான் மிச்சக் காசைத் தருவான். தில்லைநாதனுக்கு அந்தக் கடையைவிடச் சிறைச்சாலை மேல்.

அவர் முப்பத்தொரு வருடம் அக்கராயன் குளத்துத் துருசைத் திறந்து பூட்டி, வயல்களுக்குத் தண்ணீர் விட்டவர். என் மனுசனுக்கும் அதே வேலைதான். என் மனுசன் செத்துப் பதினொரு வருடம். உயிரோடு இருந்திருந்தால் அந்த மனுசனும் இவரோடு சேர்ந்து குதிரைக்குக் காசு கட்டியிருப்பார், நான் விமலேஸ்வரியைவிடக் கேவலமாகக் கத்தியிருப்பேன். அந்தத் தொல்லை எனக்கு இல்லாமல் போனது.

தில்லைநாதனிடம் ஒரு வித்தை இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு வயலுக்குள் ஒரு காலை வைப்பார். பெருவிரலை மண்ணில் அமுக்குவார். "இன்னும் மூண்டு நாளைக்குத் தண்ணி வேண்டாம்," என்பார். மூன்று நாளும் வேண்டியிராது. படித்த பெரிய உத்தியோகத்தர்கள் வந்தாலும் முதலில் அவருடைய விரலைத்தான் பார்ப்பார்கள். அறுபது வயதில் பென்சன் கொடுத்து அனுப்பினார்கள். விரலுக்கு வேலை இல்லாமல் போயிற்று. அந்த விரலை அவர் இங்கிலாந்துக் குதிரைகளின் பக்கம் திருப்பினார்.

கிளிநொச்சி ரவுணில் ஒரு ரேஸ் கடை இருக்கிறது. இங்கிலாந்தில் ஓடுகிற குதிரைக்கு இங்கே இருந்தே காசு கட்டலாம். அங்கே வருகிற மற்ற ஆம்பிளைகள் கனவில் கண்ட இலக்கத்துக்கும், மோட்டார் சைக்கிள் நம்பருக்கும், பெண்சாதியின் பிறந்த தேதிக்கும் கட்டுகிற ஆட்கள். இவர் நிலத்தைப் பார்த்துக் கட்டுவார். சில குதிரை சேற்றில் நன்றாக ஓடுமாம், சில காய்ந்த தரையில்தான் ஓடுமாம். முதலாவதற்கு அவர் வைத்த பெயர் சேத்துக்காலன். மற்றதற்குத் தரைக்காலன். பழைய ரேஸ் பேப்பர்களைச் சேர்த்து, எது எந்த நிலத்தில் வென்றது என்று எட்டுக் கொப்பி எழுதி வைத்திருக்கிறார். கிழமைக்கு இரண்டு நாள், நாளுக்கு ஒரே ஒரு ஓட்டம். குடி இல்லை. அயர்ன் பண்ணின சேர்ட். உத்தியோகத்துக்குப் போகிறவர் மாதிரி, "கந்தோருக்குப் போறன்," என்றுதான் சொல்லிவிட்டுப் பஸ் ஏறுவார். பின்னேரம் காசைக் கட்டிவிட்டு ஆறு மணிக்குமுன் வீட்டுக்கு வந்துவிடுவார். ஓட்டம் அதற்குப் பிறகுதான். முடிவைக் கடையில் சீட்டு எழுதுகிற சஜீவன் ஃபோனில் சொல்லுவான். அந்த வரும்படியில் வீட்டுக் கரண்ட் பில்லும் தேயிலையும் சீனியும் போகும். சூதாடி என்று யாராவது சொன்னால் கோபம் வரும்.

"சூதெண்டால் தெரியாமல் கட்டிறது. நான் தெரிஞ்சு கட்டிறன்."

அவருக்கு இருந்த ஒரே இடைஞ்சல் அந்த ரேஸ் பேப்பர். அது முதல் நாளே அச்சாகிவிடும். இரவு அங்கே மழை கொட்டினால் பேப்பருக்குத் தெரியாது. ஆனால் லெஸ்ரர் என்கிற ஊரில் மட்டும் அவருக்கு ஒரு ஆள் இருந்தது. பளையில் இருக்கிற தங்கையின் மகள் சிவரூபி அந்த ஊரில், குதிரை ஓடுகிற திடலுக்குப் பின் வீதியில்தான் குடியிருக்கிறாள். அங்கே ஓட்டம் உள்ள நாளில் மத்தியானம் இவர் அவளுக்கு ஃபோன் எடுப்பார்.

"பிள்ளை, மழையோ?"

"இல்லை மாமா, நல்ல வெயில்."

"இரவு பெய்ததோ?"

"ஒரு சொட்டும் இல்லை மாமா."

"புல்லில நடந்தால் கால் புதையுதோ?"

"இல்லை மாமா. நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ."

சாப்பிட்டாயா என்றுகூடக் கேளாமல் வைத்துவிடுவார். நேரடித் தகவல் என்றபடியால் மற்ற நாளில் ஐந்நூறு கட்டுகிற மனிதர் அன்றைக்கு ஐயாயிரம் கட்டுவார். தரைக்காலனுக்குக் கட்டுவார். வெல்வது ஏதாவது ஒரு சேத்துக்காலன்.

ஐந்து தரம் இப்படியே நடந்தது. ஃபோனை வைத்த பிறகு மழை வந்திருக்கும் என்று மனைவிக்குச் சொன்னாலும், அவருக்குச் சந்தேகம் மருமகள்மேல் வரவில்லை, தன் விரல்மேல்தான் வந்தது. ஒருநாள் விடியப் பார்க்கிறேன், பின்வளவில் ஒரு வாளி தண்ணீரை ஊற்றிவிட்டு அதில் காலை வைத்து அமுக்கிக்கொண்டு நிற்கிறார்.

"என்ன தில்லை, காலில முள்ளோ?"

"இல்லை அக்கா. செக் பண்ணிறன்."

அந்த ஆடி மாதம் சிவரூபி லீவில் வந்தாள். மாமா வீட்டில் தங்கினாள். வந்த இரண்டாம் நாள் ஒரு சொக்கிலேற் பெட்டியோடு என் குசினிக்கு வந்து குந்தினாள். எனக்குப் பல் இல்லை என்பது அவளுக்கு மறந்துபோச்சு. நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

"மாமி, என்ர அப்பாகூட ஒருநாளும் அப்பிடிக் கேட்டதில்லை. மாமாதான் எடுத்த உடன, மழையோ, சேறோ, கால் புதையுதோ எண்டு கேக்கிறவர். நான் ஃபோனை வைச்சிட்டு எத்தினை நாள் அழுதிருக்கிறன் தெரியுமே."

நான் வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் முகத்தைப் பார்த்தால் சிரித்துவிடுவேன்.

"அங்க ஒருநாளும் மழையே இல்லையோ பிள்ளை?"

"என்ன மாமி, அது இங்கிலாந்தெல்லோ. எப்ப பாத்தாலும் மழைதான். போன முதல் வருசம், குளிருது, நனைஞ்சிட்டன் எண்டு அம்மாட்டைச் சொல்லி, அவா மூண்டு நாள் சாப்பிடேல்லை. அதோட விட்டனான். மாமா கேக்கக் கேக்க நான் வெயிலைக் கூட்டித்தான் சொல்லிறது. ரூபனுக்கும் சொல்லி வைச்சிருக்கிறன், மாமா எடுத்தால் வெயில் எண்டு சொல்லுங்கோ எண்டு."

ரூபன் அவளுடைய மனுசன். வேலை காரணமாக அங்கேயே நின்றுவிட்டான்.

அவளைப் பிழை சொல்ல முடியாது. வெளியில் போன எங்கள் பிள்ளைகள் எல்லோரும் அப்படித்தான். வேலை போனாலும் சுகம் என்பார்கள், கால் முறிந்தாலும் சுகம் என்பார்கள். நாங்கள் மட்டும் என்ன? என் மகன் கனடாவிலிருந்து எடுக்கும்போது நான் காய்ச்சலில் கிடந்துகொண்டு, இப்போதுதான் கோயிலால் வந்தேன் என்று சொல்லியிருக்கிறேன்.

அடுத்த நாள் லெஸ்ரரில் ஓட்டம். ஆறாவது தரம். மத்தியானம் ஒன்றரைக்குத் தில்லைநாதன் அயர்ன் பண்ணின சேர்ட்டோடு வேலியடியில் நின்று, ரூபனுக்கு ஃபோன் எடுக்கப் பார்த்தார். நான் கையைக் காட்டிக் கூப்பிட்டு, கேட்டதை எல்லாம் சொன்னேன். அந்த மனிதரின் முகத்தைப் பார்க்கவேண்டும். முதலில் செத்த வீட்டு முகம். பிறகு மெல்ல மெல்லப் பிள்ளை பிறந்த வீட்டு முகம்.

"அப்ப என்ர விரலில பிழையில்லை?"

"உம்மட விரலில ஒரு பிழையும் இல்லை. அவளின்ர பாசத்திலதான் பிழை."

"அப்ப ரூபன் வெயில் எண்டு சொன்னால் நான் மழை எண்டு எடுப்பன்."

"உண்மையிலயே வெயிலெண்டால்?"

அவர் அப்படியே நிலத்தில் குந்திவிட்டார். அங்கே இருந்து எது வந்தாலும் வெயில். உண்மையான வெயிலும் வெயில், மழையும் வெயில்.

"சிவரூபியிட்டை உள்ளதைச் சொல்லிப்போட்டுக் கேளுமன்," என்றேன்.

"குதிரைக்காகத்தான் மழையைக் கேட்டனான் எண்டோ? அவள் அழுதவள் எண்டு நீங்கள்தானே சொன்னியள். அதைவிட நான் பரந்தனில ஆணி நிறுப்பன்."

பஸ்ஸுக்கு இன்னும் அரை மணித்தியாலம்தான். சிவரூபி அந்தப் பக்கம் கிணற்றடியில் விமலேஸ்வரியோடு கதைத்துக்கொண்டு நின்றாள்.

"ஃபோனை அடிச்சுத் தாரும்," என்றேன்.

அங்கே காலை ஒன்பது மணியாம். ரூபன்தான் எடுத்தான்.

"தம்பி ரூபன், நான் பக்கத்து வீட்டு மாமி."

"சொல்லுங்கோ மாமி. இஞ்ச நல்ல வெயில்."

நான் இன்னும் ஒன்றும் கேட்கவில்லை.

"அது கிடக்கட்டும். மனுசி இல்லாமல் என்ன செய்யிறீர்? உடுப்புகள் தோய்க்கிறனீரோ, இல்லாட்டி ஊத்தையோட திரியிறீரோ?"

"தோய்க்கிறனான் மாமி."

"எங்க காயப் போடுறனீர்?"

"எங்க போடுறது, வீட்டுக்குள்ள ஹோல் முழுக்கத் தொங்குது. நேற்றுப் பின்னேரம் வெளியில போட்டனான், இரவிரவா ஊத்தி எல்லாம் நாசம். இப்ப எடுக்கப் போய்ச் சப்பாத்தும் புல்லுக்குள்ள..." அவன் சட்டென்று நிறுத்தினான். "ஆனால் வெயில் மாமி."

தில்லைநாதன் என் காதடியில் குனிந்தார்.

"சப்பாத்து எவ்வளவுக்குப் புதைஞ்சதாம்? கேளுங்கோ."

"வாயைப் பொத்திக்கொண்டு பஸ்ஸுக்குப் போம்," என்றேன்.

போனார். ரேஸ் பேப்பரில் லெஸ்ரர் நிலம் காய்ந்த தரை என்று போட்டிருந்ததாம். கடையில் எல்லோரும் மூன்றாம் நம்பர் குதிரைக்குக் கட்டினார்களாம். இவர் தன் கொப்பியில் சேத்துக்காலனாக இருந்த ஏழாம் நம்பரைச் சொன்னார். சஜீவன் எழுதாமல் பேனையை வைத்துக்கொண்டு நின்றானாம்.

"ஐயா, இது கிழட்டுக் குதிரை. ஒருத்தரும் கட்டேல்லை. ஒண்டுக்கு ஒன்பது."

"எழுதும் தம்பி."

இதை அவர் எனக்குப் பத்துத் தரம் சொல்லிவிட்டார். ஒவ்வொரு தரமும் குதிரைக்கு வயது கூடிக்கொண்டு போகிறது.

பொழுதுபட்டு ஏழரை இருக்கும். எல்லோரும் அவர்களுடைய முற்றத்தில் இருந்தோம். விமலேஸ்வரி நல்ல சந்தோசமாக இருந்தாள். தம்பியோடு பேசி, திங்கட்கிழமை வேலை தொடக்கம் என்றுகூட முடிவாக்கி வைத்திருந்தாள். ஃபோன் அடித்தது. தில்லைநாதன் எடுத்து, "ம்," என்றார். கொஞ்சம் பொறுத்து மறுபடியும், "ம்." வைத்துவிட்டு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"என்னவாம்?" என்றாள் விமலேஸ்வரி. "திங்கக்கிழமைக்குச் சேர்ட் தோய்க்கட்டோ?"

"வேண்டாம். கிழவி வெண்டிட்டாள்."

விமலேஸ்வரியின் வாய் திறந்தபடியே நின்றது.

"ஆர் மாமா கிழவி?" என்றாள் சிவரூபி.

அவர் என்னைப் பார்த்தார். குளத்துக் கட்டு உடைந்தால்கூட அந்த மனிதர் இப்படி முழித்திருக்க மாட்டார்.

"நான்தான் பிள்ளை," என்றேன். "சீட்டுக் கட்டி வந்தனான். எனக்கு விழுந்திட்டுது."

"அப்ப எங்களுக்கு ஒண்டும் இல்லையோ மாமி?" என்று அவள் என் கழுத்தைக் கட்டிப் பிடித்தாள். அடுத்த நாள் என் வளவில் ஒரு சேவல் அதற்காகச் செத்தது. அந்தச் சேவலின் காசைத் தில்லைநாதனிடம் அன்றைக்கே வாங்கிவிட்டேன்.

சிவரூபி திரும்பிப் போய்விட்டாள். மாமா இப்போது மழையைப் பற்றி ஒரு சொல்லும் கேட்பதில்லை. உடுப்பு எங்கே காயப் போட்டாய் என்று மட்டும் கேட்கிறார். எங்கள் உடுப்பைக்கூட மாமா யோசிக்கிறார் என்று அவள் பளையில் இருக்கிற தாயிடம் சொல்லி அழுதாளாம்.

வென்ற கிழமைக்கு அடுத்த திங்கட்கிழமை தில்லைநாதன் உண்மையாகவே பரந்தனுக்குப் போனார். தான் வரமாட்டேன் என்று நேரில் சொல்வதுதான் மரியாதையாம். துணைக்கு என்னையும் கூட்டிப்போனார். நடராசா காசு மேசைக்குப் பக்கத்தில், கடையில் விற்கிற கதிரைகளில் ஒன்றை எடுத்துத் துடைத்துப் போட்டிருந்தான்.

"வாங்கோ அத்தான், இருங்கோ. உங்களுக்கெண்டே போட்டு வைச்சனான்."

தில்லைநாதன் இருக்கவில்லை. கதிரையை ஒருதரம் சுற்றி வந்தார். கையால் அமுக்கிப் பார்த்தார். அதன் காலைத் தூக்கிப் பார்த்தார்.

"இது என்ன விலை?"

"விலையோ? நீங்கள் இருக்கிறதுக்கெல்லோ அத்தான்."

"இருக்கத்தான் போறன். என்ர வளவில. விக்கிறியோ இல்லையோ?"

நடராசா எதையும் விற்கமாட்டேன் என்று சொல்லிப் பழகாத ஆள். தமக்கையின் புருசன் என்று விலை குறைத்துப் பழகின ஆளும் இல்லை. பில்லைக் கேட்டு வாங்கி மடித்துச் சேர்ட் பையில் வைத்துக்கொண்டு, கதிரையைத் தலைமேல் கவிழ்த்தபடி தில்லைநாதன் பஸ்ஸடிக்கு நடந்தார். நீலப் பிளாஸ்ரிக், கைபிடி வைத்தது, மூவாயிரத்து நானூறு ரூபாய்.