கதிருக்கு மட்டும் ரசம் சாதம்

ஒன்பது வயதில் எனக்கு ஓர் எதிரி இருந்தான். பெயர் கதிர். அவனுக்கும் ஒன்பது வயதுதான். அம்மா எழுதிய தொடர்கதையின் நாயகன்.

அமெரிக்காவில் ஆலன் என்ற ஊரில் அப்பா ஓர் உணவகத்தில் சமையல்காரர். அம்மா பத்தாவதோடு படிப்பை விட்டவள். எங்கள் குடும்பத்தில், பின்னாளில், கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான்தான். அந்த அம்மா நாற்பத்து நான்கு வயதில் ஓர் இணைய இதழில் எழுத ஆரம்பித்தாள். வாரம் ஓர் அத்தியாயம். காலையில் அக்கம்பக்கத்து வீடுகளுக்கு இட்லி மாவு அரைக்க வேண்டும், மாலையில் என்னைப் பார்க்க வேண்டும். ஆகவே கதைக்குக் கிடைத்தது கார்தான். பள்ளி விட்டதும், நீச்சல் வகுப்பு திறக்கும்வரை பார்க்கிங்கில் முக்கால் மணி நேரம் காத்திருப்போம். அம்மா கதையை வாயால் சொல்லச் சொல்ல, போன் அதை எழுத்தாக்கும்.

அன்று கதிருக்குக் காய்ச்சல். "ரசம் சாதம் பிசைஞ்சு வச்சிருக்கேன், ஒரே ஒரு வாய், என் ராசா" என்று அம்மா போனிடம் குழைந்தாள். அதே மூச்சில், பாக்கெட் தானியக் கட்டியைக் கடித்துக்கொண்டிருந்த என் பக்கம் திரும்பி, "சீரியல் பாரை சீட்ல கொட்டாம தின்னுடா" என்றாள்.

"அவனுக்கு ரசம் சாதம், எனக்கு சீரியல் பாரா? நாட் ஃபேர்!"

"டேய், அவன் கதைடா. அவனுக்கு வயிறே கிடையாது."

"அப்போ ஏன் ஊட்டுற?"

அம்மா சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என்னை அவள் ஒருநாளும் ராசா என்று கூப்பிட்டதில்லை.

மறுவாரம் இதழ் நடத்தும் ஆண்ட்டி போன் செய்தார். கார் முழுக்க அவர் குரல் கேட்டது. "அக்கா, இன்னும் அஞ்சு மாசம் இழுங்க. புக்காவே போட்டுடலாம்." அம்மாவின் முகம் பூத்ததைக் கண்ணாடியில் பார்த்தேன். இன்னும் ஐந்து மாதம் அவனா!

"அவன் செத்துட்டா நீ ஃப்ரீயாம்மா?" என்று கேட்டேன்.

அம்மா அவனைச் சாகடிக்கவில்லை. அந்த வாரமே ரயிலேற்றி அத்தை ஊருக்கு அனுப்பிவிட்டாள். எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாததால் கடைசிப் பத்தியை அவளே வாசித்துக் காட்டினாள். "முற்றும்" என்று முடித்து, "இப்ப சந்தோஷமா?" என்றாள்.

"யெஸ்!"

இதழ் வெளியானதும் ஆண்ட்டி விடாமல் அழைத்தார். அம்மா போனை என்னிடம் நீட்டினாள். "அம்மா டிரைவ் பண்றாங்கன்னு சொல்லு."

கார் பார்க்கிங்கில் நின்றுகொண்டிருந்தது. நான் உற்சாகமாகச் சொன்னேன். அம்மா ஸ்டியரிங்கில் இரண்டு கைகளையும் வைத்து, எதிரே இருந்த வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் முன்சீட்டுக்குத் தாவி அவள் தோளில் சாய்ந்துகொண்டேன். அவளும் என் தலையைக் கோதிவிட்டாள்.

போனது கதிர் ஒருவன்தான் என்று அன்று நினைத்தேன்.