பாதி பாட்டில் பெராக்சைடு

வீட்டில் இருந்த கணினிகள் முப்பத்தாறு. ஓடியவை ஐந்து. மீதி முப்பத்தொன்றும் பல வருடங்களாகச் சரியாகிக்கொண்டே இருந்தன.

இது மனைவி சொல்லும் கணக்கு. கணவனைக் கேட்டால், ஓடாதது என்று ஒன்றுகூட இல்லை, எல்லாமே 'வந்துட்டிருக்கு' என்பான். அவன் லிஃப்ட் மெக்கானிக். கூட வேலை பார்ப்பவர்கள் அவனுக்கு வைத்த பெயர் லோடிங். சாப்பிட்டாயா என்று கேட்டால்கூட 'லோடிங்ல இருக்கு' என்று சொல்கிறவனுக்கு வேறு என்ன பெயர் வைப்பது? மனைவிக்கும் ஒரு பெயர் உண்டு. தலைமுடிக்குச் சாயம் பூசுவதில் கைதேர்ந்தவள் என்பதால் வாடிக்கையாளர்களுக்கெல்லாம் அவள் கலரக்கா.

லோடிங் சேர்த்தவை அவன் பள்ளிக்கூடம் போன காலத்துக் கணினிகள். விசைப்பலகையும் மூளையும் ஒரே பெட்டிக்குள் இருக்கும். ஒயரை வீட்டு டிவியில் செருக வேண்டும். விளையாட்டு கேசட்டில் வரும். டேப் ரெக்கார்டரில் போட்டு ஓட விட்டால் காதைக் கிழிக்கிற கீச்சுச் சத்தம் சில நிமிடங்களுக்குக் கேட்கும். அதன் பிறகு, நேரம் நன்றாக இருந்தால், திரையில் ஒரு சின்னப் பொம்மை குதிக்கும். நேரம் நன்றாக இல்லாவிட்டால் முதலிலிருந்து ரீவைண்ட்.

எதிர்வீட்டு அண்ணன் ஒருவனிடம் அப்படி ஒன்று இருந்தது. தன் முறை வருவதற்காக லோடிங் அந்த வீட்டில் துணி மடித்துக் கொடுத்திருக்கிறான், வெங்காயம் உரித்துக் கொடுத்திருக்கிறான். கேசட் ஓடி முடிந்து, இதோ இப்போது இவன் முறை என்கிற நேரத்தில் இவனுடைய அம்மா வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். அந்த ஏக்கம்தான் முப்பத்தாறாகக் குட்டி போட்டிருக்கிறது என்பது கலரக்காவின் கணிப்பு.

"அந்த அண்ணன் ஒரே ஒரு தடவ இவரை முழுசா ஆட விட்டிருந்தா, நான் இன்னிக்கு என் வீட்டுல கால் நீட்டிப் படுத்திருப்பேன்" என்று அவள் வாடிக்கையாளர்களிடம் சொல்வாள். அவர்கள் சிரிப்பார்கள். அவள் சிரிக்க மாட்டாள்.

பதினான்கு வருடம் அவள் இன்னொருவருடைய அழகுநிலையத்தில் நின்றாள். முதலாளியம்மாவின் மருமகள் அந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்ததும், கலரக்காவுக்குக் கிடைத்த நாட்கள் வாரத்தில் மூன்றாகி, இரண்டாகி, கடைசியில் 'தேவைன்னா கூப்பிடுறேன்' ஆனது. இனி அடுத்தவர் கூப்பிடுவதற்காகக் காத்திருப்பதில்லை, சொந்த வீட்டின் முன்னறையிலேயே நாற்காலி போட்டுவிடலாம் என்று முடிவு செய்தாள். முன்னறை முழுக்கக் கணினிகள்.

"காலி பண்ணிடுறேன்" என்றான் லோடிங்.

"எப்போ?"

"லோடிங்ல..."

"அந்த வார்த்தை உங்க வாயில இருந்து வந்துச்சுன்னா நான் அத்தனையையும் வாசல்ல வெச்சுருவேன். சொல்லிட்டேன்."

அவனும் காலி செய்தான். காலி செய்தான் என்றால், இடம் மாற்றினான். சமையலறைப் பரணில் ஒன்பது ஏறின. ஃபிரிட்ஜ் மேல் இரண்டு. துணி அலமாரியில் அவளுடைய போர்வைகள் இருந்த தட்டு பறிபோனது. கட்டிலின் நான்கு கால்களுக்கும் அடியில் செங்கல் வைத்து உயர்த்தி, மீதியை அதற்குக் கீழே தள்ளினான். அன்றிலிருந்து கட்டிலில் ஏற ஸ்டூல் தேவைப்பட்டது. "மனுஷி தூங்குறதுக்கு மாடிப்படி ஏறணுமா?" என்று கேட்டாள். "உயரத்துல காத்து நல்லா வரும்மா" என்றான். முகத்தில் கேலியின் சாயல்கூட இல்லை.

ஆனாலும் முன்னறை கிடைத்துவிட்டது. கண்ணாடி மாட்டினாள், நாற்காலி போட்டாள், சாயச் சாமான்களுக்கு ஒரு மர பீரோ வைத்தாள். முதல் வாடிக்கையாளர், அரசுப் பள்ளியொன்றின் தலைமையாசிரியை. மறுநாள் அவருக்குப் பணி ஓய்வு, மேடை, மாலை, புகைப்படம். நரை தெரியக் கூடாது, சாயம் பூசியதும் தெரியக் கூடாது. அந்தப் பள்ளியின் ஆசிரியைகள் பலர் அவருடைய தலையைப் பார்த்துத்தான் தங்கள் தலையை யாரிடம் கொடுப்பது என்று முடிவு செய்வார்கள். அன்றைக்கு அந்தத் தலை ஒழுங்காக வந்தால் முன்னறையில் நாற்காலி நிற்கும். வராவிட்டால், மறுபடி அந்த முதலாளியம்மாவின் வாசலில் கலரக்கா நிற்க வேண்டும்.

காலையில் பீரோவிலிருந்து பெராக்சைடு பாட்டிலை எடுத்தாள். சாயக் குழம்பு முடியில் ஏறுவதற்கு அதோடு கலக்க வேண்டிய திரவம் அது. பாட்டில் கைக்குக் கனமாக இருந்தது. பரவாயில்லையே, நிறைய மிச்சம் இருக்கிறதே என்று ஒரு கணம் மகிழ்ந்துகூடப் போனாள்.

கலந்தாள். பகுதி பகுதியாகப் பிரித்துப் பூசினாள். அரை மணி நேரத்துக்கும் மேலே ஊற விட்டாள். கழுவினாள். துண்டை எடுத்தாள்.

காதோரத்தில் நரை அப்படியே இருந்தது. உச்சியில், தேநீர் சிந்திய மேசைத் துணியின் நிறம்.

தலைமையாசிரியை கண்ணாடியைப் பார்த்தார். கண்ணாடி வழியாகவே கலரக்காவையும் பார்த்தார். பரீட்சை அறையில் துண்டுச்சீட்டைக் கண்டுபிடித்தவரின் பார்வை.

"ஏம்மா, இது முடிஞ்சிருச்சா, இன்னும் ஏதாவது பாக்கி இருக்கா?"

"ஒரு நிமிஷம் டீச்சர்."

"என்ன ஒரு நிமிஷம்? நாளைக்கு இந்தத் தலையோட நான் மேடையில உக்காரணும். பத்து வருஷமா என்னோட சண்டை போட்ட கணக்கு வாத்தியார்தான் என்னைப் பாராட்டிப் பேசப் போறார். அவருக்கு வேற எதுவுமே தேவையில்ல, இது ஒண்ணு போதும்."

கலரக்கா சாய டியூபின் காலாவதித் தேதியைப் பார்த்தாள். சரியாக இருந்தது. கலந்த அளவும் சரிதான். பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். வியாழக்கிழமை அவள் மூடி வைத்தபோது பாதிதான் இருந்தது. இன்றைக்கு அவள் எடுத்தது போகவும் பாட்டில் முக்கால்வாசிக்கு மேல் நின்றது. ஆளில்லாத பீரோவுக்குள் பெராக்சைடு ஊறுமா?

அவளுக்கு விளங்கிவிட்டது. மொட்டைமாடிக்கு இரண்டிரண்டு படியாக ஏறினாள்.

வெயிலில், கைப்பிடிச் சுவரின் மேல், பிளாஸ்டிக் தாள் சுற்றிய ஒரு பெட்டி. பக்கத்தில் லோடிங், கைக்குழந்தைக்குக் காவல் இருப்பவன்போல. எதிர்வீட்டு அண்ணனிடம் இருந்த அதே மாடல். எட்டு வருடம் தேடி அவன் பிடித்தது அது. பழைய பிளாஸ்டிக் காலப்போக்கில் மஞ்சள் பூத்துவிடும். பெராக்சைடில் துணியை நனைத்துச் சுற்றி, வெயிலில் வைத்து, துணி காயக் காய மறுபடி நனைத்துக்கொண்டே இருந்தால் மஞ்சள் போய்ப் பழைய நிறம் திரும்பும் என்று சேகரிப்பாளர்கள் பேசிக்கொள்வது அவளுக்கும் தெரியும். தலையில் அடித்துக்கொள்ளும் அளவுக்கு அதைச் சாப்பாட்டு நேரத்திலெல்லாம் கேட்டிருக்கிறாள்.

"என் பீரோவைத் திறந்தீங்களா?"

லோடிங் திருதிருவென விழித்தான். "கொஞ்சமாத்தான் எடுத்தேன்."

"அப்புறம்?"

"அப்புறம்... குறைஞ்சது தெரிஞ்சா நீ வருத்தப்படுவியேன்னு..."

"தண்ணி ஊத்தி வெச்சீங்க."

"சும்மா குழாய்த் தண்ணி இல்லம்மா. காய்ச்சி ஆற வெச்ச தண்ணி."

திருடியதைக்கூட மன்னிக்கலாம். தண்ணீரைக் காய்ச்சி ஆற வைக்க அடுப்படியில் நின்றிருக்கிறானே, அந்தப் பொறுப்புணர்ச்சியை என்ன செய்வது? அளந்தாவது ஊற்றினானா, அதுவும் இல்லை. பாதி இருந்த பாட்டிலைக் கழுத்துவரை நிரப்பி வைத்திருக்கிறான்.

"யோவ், கீழ ஒரு தலைமையாசிரியை டீ கலர் தலையோட உக்காந்திருக்காங்க. நீ இங்க டப்பாவைக் குளிப்பாட்டுற!"

அவள் வாயிலிருந்து 'யோவ்' வந்தது கல்யாணமான பிறகு அதுதான் இரண்டாவது முறை. முதல் முறை, கல்யாணப் பட்டுப்புடவையை அவன் கணினிக்குத் தூசி மறைப்பாகப் போர்த்தியபோது. லோடிங் எழுந்துவிட்டான்.

"போய்ப் புது பாட்டில் வாங்கிட்டு வா. சீல் உடையாதது. இப்பவே."

அவன் பெட்டியைப் பார்த்தான். "இது காயக் கூடாதும்மா. நீ கொஞ்சம் அப்பப்ப நனைச்சு..."

அவள் பார்த்த பார்வையில் மிச்ச வாக்கியத்தை விழுங்கிவிட்டு ஸ்கூட்டர் சாவியைத் தேடிக்கொண்டு ஓடினான்.

அடுத்து வந்த நேரம் நீளமாக இருந்தது. தலைமையாசிரியை தலையில் துண்டோடு உட்கார்ந்திருந்தார். நடந்ததை மறைக்க கலரக்கா முயலவில்லை. எப்படிச் சொன்னாலும் அசிங்கம்தான் என்று உள்ளதை உள்ளபடி சொன்னாள். தலைமையாசிரியை நாற்காலியைத் திருப்பி, கதவு வழியே தெரிந்த ஃபிரிட்ஜைப் பார்த்தார்.

"மேல இருக்கிறது ரெண்டும் அதுதானா?"

"ஆமா டீச்சர்."

"எங்க பள்ளிக்கூடத்துலயும் ஒண்ணு இருந்துச்சு. யாரும் தொடக் கூடாதுன்னு பூட்டியே வெச்சிருந்தோம். கடைசியில எலி கடிச்சிருச்சு." சற்று யோசித்தார். "ஆனா நாங்க யார் தலையையும் கெடுக்கல."

கலரக்கா தரையைப் பார்த்தாள்.

"உன் வீட்டுக்காரருக்கு இதுல என்னதான் கிடைக்குது?"

"அந்தச் சத்தம் கேட்டா சந்தோஷமாம் டீச்சர். வரும், வரும்னு காத்துக்கிட்டிருக்கிறது இருக்கு பாருங்க, அது ஒரு சுகமாம். வந்துட்டா அப்புறம் ரெண்டு நிமிஷம்கூட ஆட மாட்டாரு. அணைச்சுட்டு அடுத்ததைத் தேடுவாரு."

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. இத்தனை வருடத்தில் அவன் ஒரு விளையாட்டைக்கூட முடித்து அவள் பார்த்ததில்லை. இப்போதாவது யாரும் வாசலில் நின்று கூப்பிடுவதில்லையே. அந்த நினைப்பு அவள் எரிச்சலைக் குறைக்கவில்லை. கூட்டத்தான் செய்தது.

லோடிங் மூச்சு வாங்க வந்து நின்றான். முதல் கடை பூட்டியிருந்ததாம், அடுத்த கடைக்குப் பாலத்தைச் சுற்றிப் போனானாம். தலைமையாசிரியை கையை நீட்டினார். பாட்டிலை வாங்கி, மூடியின் சீலை நகத்தால் தடவிப் பார்த்து, கலரக்காவிடம் தந்தார். "என் கண் முன்னாடி உடை."

உடைத்தாள். இந்த முறை சாயம் ஏறியது. கழுவி உலர்த்தியபோது காதோரம் கருமையாக, வேரில் பளிச்சென்று தெரியாமல், அவர் கேட்டபடியே வந்தது. தலைமையாசிரியை இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. "கணக்கு வாத்தியார் வேற ஏதாவது தேடட்டும்" என்றார்.

அவர் போன பிறகு மாடிக்குப் போனாள். லோடிங் தாளைப் பிரித்திருந்தான். அவன் கடை தேடி அலைந்த நேரத்தில் துணி காய்ந்து சுருங்கிவிட்டது. ஈரம் நின்ற இடமெல்லாம் வெள்ளை, காய்ந்த இடமெல்லாம் மஞ்சள். எட்டு வருடம் தேடிப் பிடித்த பெட்டி முழுக்கத் திட்டுத் திட்டாக இருந்தது. அவன் விரலால் ஒரு திட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

நல்லா வேணும் என்று சொல்லத்தான் ஏறி வந்தாள்.

"இந்த மாதிரி முடி வந்தா நாங்க அடர்த்தியா ஒரு கலரைப் போட்டு மறைச்சிருவோம்" என்றாள். "இதுக்கு என்ன செய்வீங்க?"

"தெரியல" என்றான். 'லோடிங்ல இருக்கு' என்று சொல்லவில்லை.

"ஓடுதா?"

"ஓடுது."

"அப்போ இன்னிக்கு ஒரு ஆட்டத்தை முழுசா ஆடி முடிங்க. முடிச்சாத்தான் சாப்பாடு."

அவன் முடிக்கவில்லை. மூன்றாவது கட்டத்தில் பொம்மை குழியில் விழுந்ததும் அணைத்துவிட்டு, அதே மாடல் வேறு யாரிடமாவது விற்பனைக்கு இருக்கிறதா என்று போனில் தேட ஆரம்பித்தான். கலரக்கா தட்டை வைத்துவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு போய்ப் படுத்தாள், ஸ்டூலில் ஏறி.

புதன்கிழமை தச்சர் வந்து பீரோவுக்குப் பூட்டு போடுகிறார். சாவி ஒன்றுதான், அது அவள் கழுத்துச் சங்கிலியில். அடுத்த மாதம் தலைமையாசிரியை மறுபடி வருகிறார், கூட இரண்டு ஆசிரியைகள். மூன்று பேருக்கும் மூன்று சீல் உடையாத பாட்டில்கள் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லியிருக்கிறார்.