சிறிதாக்கச் சொன்ன படம்

மகளின் விசாப் படத்தின் ஃபைல் பெரிது என்று இணையத்தளம் ஏற்கவில்லை. பிள்ளை தகப்பனிடம் போகக் காத்திருக்கிறாள். வீட்டுக் கணினியும் பழுது. பதறிக்கொண்டு கொக்குவிலில் கணினி வேலை செய்து தரும் ஒரு கொம்யூனிகேசன் கடைக்கு ஓடினேன்.

"அண்ணை, சைஸை மட்டும் குறைச்சுத் தாங்கோ. நிறம் மாறக்கூடாது."

"ஓம் தங்கச்சி, உது சின்ன வேலை."

சின்ன வேலை முடிந்தபோது பிள்ளை சாம்பல் பூசியதுபோல் இருந்தாள். படத்தோடு வரும் நிறத் தகவலை மென்பொருள் கழற்றி எறிந்திருந்தது. "அதை வைச்சிருக்கச் சொல்லி ஒரு கட்டத்துக்குள்ள சரி அடையாளம் போடவேணும் அண்ணை" என்றேன்.

"உதையெல்லாம் ஆர் பாக்கிறது? பொறுங்கோ, வடிவாக்கித் தாறன்."

வடிவாக்கினார். மாநிறப் பிள்ளை வெள்ளைக்காரியாகிவிட்டாள்! ஃபைலும் முன்பைவிடப் பெரிதாகிவிட்டது.

"விசாக்காரர் இது வேறை பிள்ளை எண்டால் என்ன செய்யிறது?"

"வெள்ளையா வாறதுக்கும் ஆரும் கவலைப்படுவினமே?"

அவரை எழுப்பிவிட்டு, அந்தக் கதிரையில் இருந்து முதற்படத்தை நானே சரி போட்டுச் சிறிதாக்கி அனுப்பினேன். இணையத்தளம் ஏற்றுக்கொண்டது. அவர் மட்டும் ஏற்கவில்லை. "மற்றப் படம் எவ்வளவு வடிவு" என்று வாசல்வரை புறுபுறுத்தார்.

உங்களில் எத்தனை பேர் பாஸ்போட்டில் மட்டும் வெள்ளை? கையைத் தூக்குங்கள், பார்ப்போம்.